உடைந்த கைப்பிடிக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது?

இங்கிலாந்தில் நடந்த சுடுமண் கலைக் கண்காட்சி ஒன்றின் படங்களைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: உடைந்த கோப்பைக் கைப்பிடிகள், சூளைக்குள் முட்டுக்கொடுக்கும் மண்துண்டுகள், ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்ட தட்டுகள் ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு அதைக் கலை என்கிறார்களே, இதில் கலைஞர் செய்தது என்ன? பொருள் அந்தத் துண்டில் இருக்கிறதா, அல்லது பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் விளக்கக் குறிப்பில்தான் இருக்கிறதா? தம் ஊரில் கிடைக்கும் ஓட்டாஞ்சில்லுகளையும் பழைய இரும்புச் சாமான்களையும் வைத்துத் தாமும் முயன்று பார்க்க விரும்புவதாகவும் அவர் எழுதியிருக்கிறார்.

ஐயம் நியாயமானது. இந்த வகைப் படைப்புகளில் கணிசமானவை விளக்கக் குறிப்பை எடுத்துவிட்டால் வெறும் குப்பையாகவே நிற்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அப்படி நிற்காத படைப்புகளும் இருக்கின்றன, அவற்றைத் தனித்துக் காட்டுவது எது என்பதைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன். என் கருத்தில், ஒரு துண்டு எந்த வேலையின்போது, யாருடைய கையிலிருந்து, என்ன காரணத்தால் கழிந்து விழுந்தது என்பதையோ, தீ அதை என்ன செய்யும் என்பதையோ அறிந்தவர் அதைத் தொடும்போது மட்டுமே அது பேசுகிறது. அந்த அறிவு இல்லாதவரின் கையில் அது அழகான சில்லாக மட்டுமே இருக்கும். பொதுவாகச் சொன்னால் விளங்காது என்பதால், நான் ஓரளவு நன்கறிந்த ஓர் ஊரையும் இரண்டு கலைஞர்களையும் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஸ்டோக்-ஆன்-டிரெண்ட், 1910-இல் ஆறு சிறுநகரங்கள் இணைந்து உருவாகி 1925-இல் நகரத் தகுதி பெற்ற ஊர். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்நாட்டின் பீங்கான் தொழில் அங்கேதான் குவிந்திருந்தது. அதற்குக் காரணம் நல்ல வெண்களிமண் அங்கே கிடைத்ததல்ல. அது தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வாலிலிருந்து வர வேண்டியிருந்தது. பாத்திரம் சுடுவதற்கு மண்ணைவிட நிலக்கரி பல மடங்கு கூடுதலாகத் தேவைப்பட்டது, அந்த நிலக்கரி அவ்வூரின் அடியிலேயே கிடந்தது. ஆகவே கரியை மண்ணிடம் கொண்டுபோவதைக் காட்டிலும் மண்ணைக் கரியிடம் கொண்டுவருவது மலிவாக இருந்தது. அவ்வூர்ப் பீங்கான் ஆலை முதலாளியான ஜோசையா வெட்ஜ்வுட் முன்னின்று ஆதரித்த டிரெண்ட்-மெர்ஸி கால்வாய் 1777-இல் முழுமையடைந்ததும் இந்தப் போக்குவரத்து எளிதாயிற்று. புட்டி வடிவச் செங்கல் சூளைகள் உச்சகட்டத்தில் ஏறத்தாழ 2,000 இருந்தன என்பார்கள்; இன்று ஐம்பதுக்கும் குறைவாகவே நிற்கின்றன. 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு கரிச்சூளைகள் படிப்படியாக அணைந்து மின்சாரமும் எரிவாயுவும் வந்தன. கடைசியாக ஒரு புட்டிச் சூளையைக் கரியிட்டு எரித்தது 1978-இல், அதுவும் பழைய முறையைப் பதிவு செய்துவைக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அந்தச் சூளைக்குள் பாத்திரங்கள் நேராக அடுக்கப்படவில்லை. தீயும் புகையும் சாம்பலும் நேரே படாதிருக்க, தடித்த முரட்டுக் களிமண்ணால் செய்த பெட்டிகளுக்குள் வைத்தே அடுக்கினார்கள். அப்பெட்டியைச் சாகர் என்பார்கள். ஒரு பெரிய சூளைக்குச் சுமார் 2,000 சாகர்கள் தேவைப்பட்டன. நிறைந்த சாகரைத் தலைச்சுமையாகத் தூக்கி, ஏணியேறி அடுக்குவது தனியொரு பிரிவினரின் வேலை; பழைய காலுறைகளைச் சுருட்டி அவர்கள் தலையில் வைத்துக்கொண்டது நம்மூர்ச் சும்மாடேதான். சாகரின் அடித்தட்டை மட்டும் அடித்துத் தட்டையாக்குவதற்கென்றே சிறுவர்கள் இருந்தார்கள். மெருகு, அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு, பூசிய தட்டுகள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிவிடாதிருக்க, இடையிடையே மூன்று கால்கள் கொண்ட கூர்முனை மண்துண்டுகளை வைப்பார்கள். பழைய இங்கிலாந்துத் தட்டு ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் முக்கோணமாக மூன்று சிறு வடுக்கள் இருக்கக்கூடும். அவை அந்த முட்டுத் துண்டு தொட்ட இடங்கள். தட்டு கடைக்குப் போனது. முட்டுத் துண்டு ஒருமுறை பயன்பட்டபின் குப்பைக்குப் போனது.

இப்படிப் போனவை கொஞ்சநஞ்சமல்ல. அச்சிலிருந்து எடுத்த கோப்பையின் விளிம்பைச் சீவும்போது விழும் நாடா, கைப்பிடி ஒட்டும்போது வெட்டித் தள்ளும் முனை, வளைந்துபோன தட்டு, வெடித்த கெண்டி, உடைந்த சாகர் என எல்லாம் மண் தோண்டிய பழைய குழிகளிலேயே கொட்டப்பட்டன. அவ்வூரில் வீட்டுத் தோட்டத்தைக் கொத்தினாலும் பீங்கான் சில்லு அகப்படும் என்பது அங்கே எவருக்கும் வியப்பான செய்தியல்ல.

நீல் பிரவுன்ஸ்வர்ட் 1970-இல் இந்த ஊரில் பிறந்தவர். பள்ளி முடித்த பதின்ம வயதிலேயே வெட்ஜ்வுட் தொழிற்சாலையில் மாதிரியுரு செய்யும் பிரிவில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார். கலைக்கல்லூரிப் படிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை முக்கியமானது. கண்காட்சிக்கூடத்திலிருந்து தொழிற்சாலையை எட்டிப் பார்த்தவரல்லர் அவர். தொழிற்சாலைத் தரையில் நின்று, எந்தத் துணுக்கு எந்தக் கட்டத்தில் விழும் என்பதை உடலால் கற்றவர். அவர் கலைஞராக வளர்ந்துவந்த காலத்தில்தான் உற்பத்தி ஆசிய நாடுகளுக்கு நகர்ந்தது, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2008-இன் பிற்பகுதியில் அவ்வூரின் இன்னொரு பழைய பீங்கான் ஆலையான ஸ்போட் நிறுவனம் முடங்கியது. 2009 ஜனவரியில் வெட்ஜ்வுட்டும் திவால் நடவடிக்கைக்குள் போனது. ஆலை மூடும்போது இயந்திரத்துக்கு விலை கிடைக்கும், அச்சுகளுக்குக்கூட விலை கிடைக்கலாம், பெயருக்கு நிச்சயம் விலை கிடைக்கும். தரையில் கிடக்கும் மண்துணுக்குக்கு விலை கிடையாது. பிரவுன்ஸ்வர்ட் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

எடுத்தவற்றை அவர் அப்படியே வைப்பதில்லை என்பதுதான் கேள்விக்கான முதல் விடை. அவற்றை மீண்டும் சூளையில் இடுகிறார், மெருகை வழியவிடுகிறார், வளையும்வரை, சரியும்வரை சுடுகிறார், சீவல்களையும் முட்டுத் துண்டுகளையும் உருகவைத்து இணைக்கிறார். பீங்கான் தொழிலில் இவை அனைத்தும் குற்றங்கள். மெருகு வழிந்தால் தட்டு கழிவு, சரிந்தால் கழிவு, ஒட்டினால் கழிவு. இருநூறு ஆண்டுகளாக மேற்பார்வையாளர் பார்த்துத் தூக்கியெறியச் சொன்ன ஒவ்வொரு பிழையையும் தெரிந்தே, கணக்கிட்ட சூட்டில், திரும்பச் செய்கிறார் அவர். அந்தப் பிழைகளை விரும்பியபடி வரவழைக்க, பிழையில்லாமல் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய சிறிய, உள்ளங்கை அளவுத் திரளைகளைப் பார்க்கும்போது, விரல் அழுத்திய தடமும் கத்தி சீவிய கோடும் தெளிவாகத் தெரிகின்றன. முடிக்கப்பட்ட தட்டில் அந்தத் தடத்தை அழிப்பதற்கே ஒருவருக்குக் கூலி கொடுத்திருந்தார்கள். ஈரக் கடற்பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது ஒரு தனி வேலை. ஆகவே, விற்பனைக்குப் போன பண்டத்தில் தொழிலாளியின் கை இல்லை, கழிவில்தான் இருக்கிறது. இதைச் சுவர்க்குறிப்பு சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. துண்டைச் சற்று நேரம் பார்த்தாலே கண்ணில் படும்.

அவருடைய பிற்காலப் படைப்புகளில் துண்டு என்பதன் எல்லை இன்னும் விரிகிறது. மூடப்பட்ட ஆலைகளில் வேலைபார்த்த மூத்த கைவினைஞர்களையே படைப்புக்குள் அழைத்துவருகிறார். ஒரு நிகழ்த்துதலில், வாழ்நாள் முழுவதும் எலும்புச் சாம்பல் பீங்கானில் பூக்கள் செய்த ஓர் அம்மையார் பார்வையாளர் முன் அமர்ந்து, இதழ் இதழாக விரலால் உருட்டி, அழுத்தி, விரித்துப் பூவை முடிக்கிறார். முடித்ததும் அதைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குகிறார். பூக்கள் சுடப்படாமலே குவிந்து கிடக்கும். பார்வையாளருக்கு முதலில் வியப்பும் பிறகு பதைப்பும் வரும். அவ்வளவு தேர்ச்சியான வேலையைக் கழிவாக மாற்றுகிறாரே என்று தோன்றும்போது, ஆலையை மூடியவர்கள் செய்ததும் அதுதானே என்பது எவரும் சொல்லாமலே விளங்கிவிடுகிறது. இன்னொரு படைப்பில், பீங்கானில் ஓவியம் தீட்டி ஓய்வுபெற்ற ஒருவர், கைவிடப்பட்ட ஆலையில் கிடந்த தட்டுகளின் பின்புறத்தில், பாழடைந்த ஆலைக் கட்டடங்களையே தீட்டினார். ஸ்போட் ஆலையின் மிகப் புகழ்பெற்ற நீலச் சித்திரத் தட்டு வரிசை 1816-இல் வந்தது. அதில் இருப்பது இத்தாலிய இடிபாடுகளின் காட்சி. இடிபாட்டை அழகாக்கி விற்ற ஆலையின் சொந்த இடிபாட்டை, அதே ஆலையின் கழித்த தட்டில், முன்பக்கத்தில் அன்றிப் பின்பக்கத்தில் தீட்டியதில் ஒரு கசப்பான நகைச்சுவை இருப்பதாக நான் வாசிக்கிறேன். கலைஞர் அப்படி எண்ணினாரா என்பது வேறு விஷயம். தட்டு அந்த வாசிப்புக்கு இடம் தருகிறது.

இதுவரை சொன்னது ஊரோடும் தொழிலோடும் கட்டுண்ட வழி. இதற்கு நேரெதிரான வழியில் போனவர் ஜில்லியன் லோண்ட்ஸ். 1936-இல் பிறந்து 2010-இல் மறைந்த இந்த ஆங்கிலேயக் கலைஞரின் இளமைக்காலத்தில் ஒரு பகுதி இந்தியாவில் கழிந்தது. லண்டனில் சுடுமண் கலை பயின்று, முதலில் கையால் எழுப்பிய கலங்களைச் செய்துவந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில், சுடுமண் கலைஞரான தம் கணவர் இயன் ஆல்டுடன் நைஜீரியாவில் வாழ்ந்தார். அங்கே மக்கள் கிடைத்த பொருளைக் கிடைத்தபடி இணைத்துப் புதிய பயன்பாட்டுக்கும் வழிபாட்டுக்கும் கொண்டுவருவதை நெருங்கிப் பார்த்தது அவருடைய போக்கை மாற்றியது என்பதில் அவரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். திரும்பிவந்தபின் அவருடைய படைப்புகளில் கலம் என்ற வடிவம் மெல்ல நழுவுகிறது. கண்ணாடியிழை விரிப்பைக் களிமண் கூழில் தோய்த்துச் சுருட்டினார், செங்கல்லை உடைத்துச் சேர்த்தார், மலிவான ஆலைக் கோப்பையையும் சாப்பாட்டு முள்கரண்டியையும் காகிதம் கவ்வும் இரும்புக் கிளிப்பையும் சூளைக்குள் அனுப்பினார்.

லோண்ட்ஸின் பொருள்களுக்கு வரலாறு கிடையாது. அந்த முள்கரண்டி எந்த வீட்டினுடையது என்பது அவருக்கும் பொருட்டல்ல, நமக்கும் பொருட்டல்ல. அவர் கேட்ட கேள்வி வேறு: தீ இதை என்ன செய்யும்? கண்ணாடியிழை ஏறத்தாழ 850 பாகை செல்சியஸில் இளகி, தன்மேல் ஒட்டியிருக்கும் மண்ணோடு கலந்து அதை இறுக்கிப் பிடிக்கிறது. துணிபோல் மடிந்த ஒன்று கல்போல் உறைகிறது. எஃகுக் கரண்டி உருகாது, ஆனால் மேற்பரப்பு கருத்துச் செதில் செதிலாக உரியும், தன் எடையிலேயே வளையும். மின்சூளையின் சூடேற்றும் சுருளுக்குப் பயன்படும் நிக்ரோம் கம்பி அந்தச் சூட்டிலும் நின்றுபிடிக்கும் என்பதால் அதை எலும்புக்கூடாக்கி, அதன்மேல், உலரும்போதே உப்புகள் மேலேறிச் சுட்டபின் தானாக மெருகேறும் எகிப்திய வகைக் கலவையை அப்பினார். சுட்டு வந்தபின் கோப்பை கோப்பைதான் என்று அடையாளம் தெரியும், ஆனால் அது ஏதோ பேரழிவிலிருந்து மீண்டது போலிருக்கும். எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரைப் பலர் நினைவுகூர்வதுண்டு. எனக்கு அந்த ஒப்பீடு சற்று நாடகத்தனமாகப் படுகிறது. அவருடைய படைப்புகளில் துயரத்தைவிடக் குறும்பு அதிகம்.

இருவரையும் அருகருகே வைத்தால் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு விடை கிடைக்கிறது. பிரவுன்ஸ்வர்டின் துண்டு ஏற்கெனவே பொருள் சுமந்து வருகிறது. அதைக் கேட்கும்படி செய்வதே அவர் வேலை. லோண்ட்ஸின் கரண்டி எதையும் சுமந்து வரவில்லை; சூளையில்தான் அதற்கு ஏதோ நேர்கிறது, அந்த நேர்ச்சியே பொருள். இரண்டிலும் பொதுவாக இருப்பது செய்முறை அறிவு. இரண்டுமே இல்லாமல், அதாவது துண்டின் வேலையையும் அறியாமல், அதற்குத் தானும் எதுவும் செய்யாமல், வெள்ளை மேசையில் இடைவெளிவிட்டு அடுக்கி, நினைவு, இழப்பு, காலம் என்று மூன்று சொற்களைச் சுவரில் எழுதிவிடுகிற படைப்புகள்தான் உங்களுக்குச் சலிப்பூட்டியிருக்க வேண்டும். எனக்கும் அவை சலிப்பூட்டுகின்றன.

இந்தப் பேச்சு எழுந்தாலே ஜப்பானியர் உடைந்த கிண்ணத்தைப் பொன்னால் ஒட்டுவதை எவராவது கொண்டுவந்து நிறுத்துவார்கள். அது அரக்கால் ஒட்டிப் பொன்தூள் தூவும் உயர்ந்த கைத்தொழில். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட கிண்ணத்தை அதன் உடைமையாளருக்காக மீட்பது. துண்டைத் துண்டாகவே மதிப்பதற்கும் அதற்கும் நெருங்கிய உறவில்லை. அதைவிட இங்கே பொருந்துவது தென்கொரியக் கலைஞர் யீ சூக்யுங்கின் வேலை. இச்சோன் பகுதி மட்கல ஆசான்கள் மரபுப்படி குறையுள்ள கலங்களைத் தாங்களே உடைத்துப் போடுவார்கள். அந்தச் சில்லுகளை வாங்கி, எப்பாக்ஸி என்ற பசையால் இணைத்து, இணைப்புகளைப் பொன்தகட்டால் மூடி, எந்தக் கலத்தையும் ஒத்திராத புடைத்த உருக்களை அவர் உண்டாக்குகிறார். 2017-ஆம் ஆண்டின் வெனிஸ் பியன்னாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் அவ்வாறு செய்த, ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயர உரு வைக்கப்பட்டிருந்தது. தரம் என்ற பெயரால் ஆசான் கழித்ததை அவருக்கு அடங்காத ஒன்றாக வளரவிடுவது நல்ல எண்ணம்தான், ஆனால் பொன் சற்று அதிகமாகப் பேசிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

இனி, நீங்களே செய்து பார்ப்பது பற்றி. முதலில் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அரிக்கமேடு, கீழடி போன்ற தொல்லியல் இடங்களிலோ, கறுப்பு-சிவப்புப் பானையோடுகள் மேற்பரப்பில் சிதறிக் கிடக்கும் மேடுகளிலோ எதையும் பொறுக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களில் அது சட்டப்படி குற்றமாகும் என்பது ஒருபுறம். மறுபுறம், அந்தச் சில்லின் மதிப்பு முழுவதும் அது கிடந்த அடுக்கில் இருக்கிறது. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ வகைச் செம்மெருகு ஓடுகளைக் கொண்டுதான் அதே அடுக்கிலிருந்த உள்ளூர்ப் பானைகளுக்குக் காலம் சொல்ல முடிந்தது. இத்தாலியில் அந்த வகை செய்யப்பட்ட காலம் முன்பே அறியப்பட்டிருந்ததால், விரலளவு ஓடு ஒன்று தென்னிந்தியத் தொல்லியலுக்கே காலக்கணக்கின் ஆணியாயிற்று. அதையே யாரோ பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் அது வெறும் சிவப்புச் சில்லு. உங்கள் தேவைக்கு இயங்கிக்கொண்டிருக்கும் குயவர் சூளையின் பக்கத்துக் குவியலும், இடித்த வீட்டின் ஓடுகளும், பழைய இரும்புக் கடையும் போதும். குயவரிடம் கேட்டு எடுங்கள், ஏன் உடைந்தது என்றும் கேளுங்கள். ஈரம் முழுக்க வற்றுமுன் சூளை ஏற்றியதா, மணலில் சுண்ணாம்புக் கல் கலந்ததா, தட்டும்போது ஒருபக்கம் மெலிந்ததா என்று அவர் சில்லைப் பார்த்த மாத்திரத்தில் சொல்வார்.

சுடும்போது சில எச்சரிக்கைகள். நம்மூர்ப் பானைகள் பெரும்பாலும் 700 முதல் 900 பாகைக்குள் வெந்தவை. இரும்புச்சத்து மிகுந்த அந்த மண்ணை 1,200 பாகைச் சூளையில் வைத்தால் உப்பும், குமிழிக்கும், இறுதியில் உருகிச் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பித்தளை 900 பாகையைத் தாண்டியதும் உருகத் தொடங்கும். செம்பு 1,085 பாகையில், அலுமினியம் 660 பாகையிலேயே. துத்தநாகப் பூச்சுள்ள தகரத்தையும் ஆணியையும் சூளைக்குள் கொண்டுபோகவே வேண்டாம், ஏனெனில் துத்தநாகம் சுமார் 907 பாகையில் ஆவியாகி வெண்புகையாக வரும், அது நுரையீரலுக்குக் கேடு. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதையும் தவிர்த்துவிடுங்கள். கடற்சிப்பியைச் சுட்டால் சுண்ணாம்பாகிவிடும். வெளியே எடுத்தபோது உறுதியாகத் தோன்றும், காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சில நாள்களில் பொடியாகும். நார்ப்பொருள்கள் வேறுவிதம்: காய்ந்த பீர்க்கங்கூட்டைக் களிமண் கூழில் இரண்டு மூன்று முறை தோய்த்து, ஒவ்வொரு முறையும் உலரவிட்டு, மெதுவாகச் சூடேற்றினால் நார் எரிந்துபோய் அதன் வலைப்பின்னல் மட்டும் மண்ணில் நிற்கும். எதுவாயினும் முதல் தடவை, மெருகில்லாத, ஒருமுறை சுட்ட ஆழமான கிண்ணத்துக்குள் சூளைச் சூட்டில் உருகாத அலுமினாப் பொடி தூவி அதற்குள் வைத்துச் சுடுங்கள். உருகினால் கிண்ணத்தோடு போகும், சூளைத் தட்டு தப்பும். சுடுவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் படமெடுத்து, எங்கிருந்து எடுத்தது, யார் என்ன சொன்னார், எத்தனை பாகையில் சுட்டது என்று எண்ணிட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்; சூளையைத் திறக்கும்போது எது எதுவாக இருந்தது என்பது உங்களுக்கே அடையாளம் தெரியாமல் போகலாம்.